பதினோராம் வீட்டின் வியாழக்கிழமை

ஸ்டாக்ஹோமுக்கு நட்டநடுவில் சல்லிசான வாடகைக்கு வீடு கிடைத்தது என்று யாராவது சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். பேரைப் பதிந்துவிட்டுப் பத்துப் பன்னிரண்டு வருஷம் காத்துக் கிடக்கிற ஊர் அது. ரெபெக்காவுக்குக் கிடைத்தது. அக்கம்பக்கத்து வாடகையில் பாதிகூட இல்லை. ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்கிற நிலைமையிலா இருந்தாள், பாவம்.

எல்லாம் எட்டு வயது மகள் தில்டாவுக்காக. விவாகரத்துக்குப் பிறகு குழந்தை அப்பாவிடம் இருந்தாள். "வருஷம் முடியறதுக்குள்ள உனக்குன்னு ஒரு வீடு பாரு. ஒரு வாரம் உன்கிட்ட, ஒரு வாரம் என்கிட்ட இருக்கட்டும். இல்லேன்னா அவளைக் கூட்டிக்கிட்டு மால்மோவுக்கே போயிடுவேன்," என்று யூனாஸ் கறாராகச் சொல்லியிருந்தான். மால்மோ ரயிலில் ஐந்து மணி நேரம்.

டிசம்பரில் பெட்டியோடு வந்து இறங்கினாள். மூன்றாம் மாடி, பதினோராம் எண். மதியம் மூன்று மணிக்கே கும்மிருட்டு. வீடு துடைத்து வைத்த மாதிரி இருந்தது. எங்கிருந்தோ ஈரக் கம்பளி வாடை மட்டும் வந்துகொண்டே இருந்தது. ஜன்னலைத் திறந்து வைத்தும் போகவில்லை.

கட்டடத்துக்கு அடியில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு சலவை அறை. சுவரில் நேரப் பலகை. வீட்டு எண் போட்ட குட்டிப் பூட்டை எந்தக் கட்டத்தில் மாட்டுகிறோமோ அந்த நேரம் நமக்கு. அந்த ஊரில் எதில் வேண்டுமானாலும் கை வைக்கலாம், அடுத்தவர் சலவை நேரத்தில் மட்டும் வைக்கக் கூடாது.

வியாழன் நாலு மணிக் கட்டத்தில் பதினோராம் எண் பூட்டு ஏற்கெனவே தொங்கியது. முன்பு இருந்தவர் மறந்துவிட்டுப் போயிருப்பார், எண் நம்முடையதுதானே, இவ்வளவு நல்ல நேரத்தை யாராவது வீணடிப்பார்களா என்று நினைத்தாள். அந்த ஊரில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

அந்த வியாழனும் வந்தது; மறுநாள் தில்டா வருகிறாள். முன்னாலேயே வந்து சேர்ந்திருந்த அவள் துணிகளை எல்லாம் இயந்திரத்தில் போட்டுவிட்டு ரெபெக்கா மேலே போனாள். சந்தோஷத்தில் படியேறும்போது வாய் எதையோ முணுமுணுத்தது.

திரும்பி வந்தபோது இயந்திரம் காலி.

துணிகள் உள்ளறைக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. ஒரு சுருக்கம் இல்லாமல், ஓரத்தோடு ஓரம் சேர்த்து, ஆசை ஆசையாகப் போட்டிருந்தது.

"யாருங்க?" என்றாள்.

கொடியை ஒட்டி உள்ளே நடந்தாள்.

கடைசியில் தொங்கிய மஞ்சள் ஸ்வெட்டரின் கை மட்டும் கீழே தொங்காமல் மேலே எழும்பி நின்றது. யாரோ பிடித்திருந்தார்கள்.

தானாக அணைகிற அந்த அறை விளக்கு, நேரம் முடிந்து அணைந்தது.

இருட்டில், அவள் தோளுக்குப் பக்கத்தில், மூச்சை இழுக்கிற சத்தம். நீளமாக, விடாமல். குழந்தையின் உச்சந்தலையை மோந்து பார்க்கிற தாய் அப்படித்தான் இழுப்பாள்.

ரெபெக்கா துணிகளை விட்டுவிட்டு ஓடினாள். மூன்றாம் மாடியில் எதிர்வீட்டு அக்னேதா கதவைச் சங்கிலியோடு கொஞ்சமாகத் திறந்தாள்.

"நாலு மணிக்கா கீழ போனீங்க?" குரல் கிசுகிசுத்தது.

"எங்க வீட்டுப் பூட்டுதானேங்க."

"அது கெர்டாவோட பூட்டு. உங்க வீட்லதான் இருந்தா. மக செத்த பிறகும் வாராவாரம் அந்தப் புள்ளை துணியைத் துவைச்சிக்கிட்டே இருந்தா. அந்தச் சலவை அறையிலயேதான் விழுந்து செத்தா. பூட்டை எத்தனை வாட்டி கழட்டினாலும் மறுநாள் அங்கயேதான் தொங்குது."

"யாரும் எனக்குச் சொல்லலையே."

"சொன்னா குடிவருவீங்களா? சரி, உங்க துணியைத்தானே போட்டீங்க?"

ரெபெக்கா படிக்கட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஐயோ, குழந்தைத் துணியா?" என்றாள் அக்னேதா. கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.

அன்றே ரெபெக்கா யூனாஸுக்குப் போன் செய்தாள். "நாளைக்கு அவளை இங்க அனுப்பாத. மால்மோவுக்கே கூட்டிக்கிட்டுப் போயிடு."

"வீடு கெடச்சிடுச்சுன்னு குதிச்சியே, என்னாச்சு?"

"கெடைக்கல."

"நீ என்னைக்குத்தான் சொன்னதைச் செஞ்சிருக்க?" என்று அவன் வைத்துவிட்டான். அவள் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சிநேகிதி வீட்டு சோபாவில் முகத்தைப் புதைத்து அழுதாள். மகள் கைவிட்டுப் போனாலும் பரவாயில்லை, தப்பித்தாளே என்பது ஒன்றுதான் ஆறுதல்.

ஜனவரியில் மால்மோவிலிருந்து போன் வந்தது. குழந்தையின் குரல்.

"இங்க ஒரு ஆன்ட்டி என் மஞ்சள் ஸ்வெட்டரை எடுத்துக்கிட்டு வந்திருக்காங்க. என் துணியெல்லாம் அவங்கதான் துவைக்கறாங்க."

ரெபெக்கா சட்டென்று எழுந்தாள். "அப்பா எங்கம்மா?"

"இங்கதான். அவர் கண்ணுக்கு அவங்க தெரியலையாம். நல்ல ஆன்ட்டிதான். என் தலையை மோந்து பாத்துக்கிட்டே இருக்காங்க."

"தில்டா, அம்மா சொல்றதைக் கேளு. அவங்ககிட்ட போகாத. தில்டா?"

போனில் யாரோ மூச்சை நீளமாக இழுக்கிற சத்தம் கேட்டது.

"தில்டாவா?" என்றது குழந்தை. "அது யாரு?"