சோற்றைச் சுற்றிய பனிவளையம்

மலைமேல் ஹோட்டலில் சமையல் செய்யும் கிறிஸ்ரிக்குப் புதன்கிழமைதான் ஓய்வு. கேபிள் காரில் இறங்கி லுசேர்ண் நகருக்கு வந்தால் முதலில் தேவாலயத்துக்குப் போவான். அந்தப் புதன்கிழமை அவன் போனது சிவகலாவின் அறைக்கு.

சிவகலா நீதிமன்றங்களில் மொழிபெயர்ப்பவர். வழக்காகப் போகாத சிக்கல்களையும் ஆட்கள் அவரிடம் கொண்டுவருவார்கள். அவர் அவசரப்படாமல் விசாரிப்பார். கார் ஓட்டுவது, படம் எடுப்பது, முந்திக்கொண்டு முடிவு சொல்வது எல்லாம் உதவியாளன் பேர்சியின் பங்கு. இந்த நாட்டிலேயே, பீல் நகரில் பிறந்து வளர்ந்த பேர்சிக்கு, தான் சொல்லும் முடிவுகளில் தனக்கே நம்பிக்கை குறைவு. அதனால்தானோ என்னவோ, உரத்துச் சொல்வான்.

"என்னை வேலையாலை நிப்பாட்டப் போகினம், அக்கா" என்றான் கிறிஸ்ரி. "பறவைக் காட்டுக்கை சாப்பாட்டைக் கொட்டினனாம்."

ஹோட்டலுக்குப் பின்னாலுள்ள சரிவு, குளிர்காலத்தில் வெள்ளையாக நிறம் மாறும் பனிக்கோழிகளுக்காக ஒதுக்கப்பட்டது. அங்கே பாதையை விட்டு விலகவும் கூடாது, உணவு போடவும் கூடாது. உணவு கிடந்தால் நரி வரும். நரி பழகிவிட்டால் கோழி மிஞ்சாது. இந்தப் புரட்டாசியில் முன்கூட்டியே பனி விழுந்திருந்தது. வனக்காவலர் லூக்காஸ் ஞாயிறுதோறும் அங்கே சோற்றுப் பருக்கைகளையும் நரித்தடங்களையும் கண்டார். பிறகு வெள்ளை இறகுகளையும் இரத்தத்தையும் கண்டார்.

"அந்த ஹோட்டல்லை சோறு தின்னுறவன் நான் ஒருத்தன்தானே. வேலை போனா அன்னமலரின்ரை விசாவும் போச்சு. சம்பளம் இருந்தாத்தான் கட்டின மனுசியைக் கூப்பிடலாம். மன்னாரிலை பெட்டியும் அடுக்கிப்போட்டு இருக்கிறா."

"நான் என்ன செய்யவேணும்?"

"நான் கொட்டேல்லை எண்டு காட்டினாக் காணும். அதுக்கு மேலை ஒண்டும் வேண்டாம்."

அவன் போனதும் பேர்சி சொன்னான்: "ஆரோ அவரை மாட்டிவிட்டிருக்கினம்."

"அந்த 'ஆரோ' ஆர் எண்டு அவன் ஒருக்காலும் கேக்கேல்லை, கவனிச்சனியோ?"

பேர்சி கவனித்திருக்கவில்லை.

சனிக்கிழமை முதல் கேபிள் காரில் ஏறினார்கள். வெளுத்த படுக்கை விரிப்புகள் அடைத்த பெரிய பைகளுக்கு நடுவே ஒரு தமிழ்ப் பெண் இருந்தார். வயது அறுபது இருக்கும். மடியில் ஒரு சாப்பாட்டுப் பெட்டியும் தண்ணீர்ப் போத்தலும். பேர்சி பிஸ்கட்டை நீட்டினான்.

"வேண்டாம் தம்பி, இண்டைக்கு விரதம். மத்தியானம்தான் சாப்பாடு." பெயர் பத்மினி என்றார். சலவைக் கம்பனியில் வேலை. சனிக்கிழமைகளில் மேலே போய் விரிப்புகளை மாற்றுவாராம். "ஒரு கிழமையாத் தமிழ் கதைக்கேல்லை" என்று சிரித்தார். பிறகு என்ன கதைப்பதென்று தெரியாதவர்போலக் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். கீழே ஏரியை மூடிய மூடுபனி மட்டும் தெரிந்தது.

மேலே, ஹோட்டலை நடத்தும் எலேனாவும் லூக்காஸும் காத்திருந்தார்கள். கடைசியாக எடுத்த படத்தை லூக்காஸ் காட்டினார். நரி வருமுன் அவர் போய்ச் சேர்ந்த ஒரே தடவை அது. இடுப்பளவு உயரமான தட்டைக்கல். அதில் மெல்லிய பனி. அதன்மேல் எள் தெரியும் ஒரு பிடி சோறு. சோற்றைச் சுற்றிப் பனிக்கட்டியாலான ஒரு வளையம்.

"சமையலறையிலிருந்து சூடாகக் கொண்டுவந்த பானையின் அடையாளம்" என்றார் லூக்காஸ். "கீழே பாருங்கள், கோடில்லாத வழுவழுப்பான காலடிகள். மலைக்கு வருகிற எவரும் அப்படிப்பட்ட சப்பாத்துப் போடமாட்டார்கள். சமையற்காரரின் சப்பாத்துத்தான் தேய்ந்துபோனது."

பேர்சிக்கு அது சரியென்றே பட்டது. மனம் சோர்ந்தது.

சிவகலா படத்தின் ஓரத்தைப் பெரிதாக்கினார். அங்கே கோடுகள் ஆழப் பதிந்த ஒரு சோடிச் சப்பாத்துத் தடம், ஒன்றையொன்று ஒட்டினாற்போல இருந்தது. "பேர்சி, கிறிஸ்ரியின்ரை சப்பாத்தையும் ஒரு சுடுபானையையும் வாங்கிக்கொண்டு வா" என்றார்.

முற்றத்துப் பனியில் பேர்சி சப்பாத்தை அழுத்தினான். குதியிலிருந்து விரல்வரை தட்டையாகப் பதிந்தது. படத்திலிருந்த காலடியிலோ உள்ளங்கால் வளைவில் பனி கலையாமல் நின்றது. பானையைப் பனி படிந்த மேசையில் வைத்து எடுத்தான். அடி முழுவதும் உருகி ஒரு தட்டுப்போலத் தெரிந்தது. வளையம் எதுவும் வரவில்லை.

"படத்தில் வளையத்துக்கு உள்ளே பனி அப்படியே இருக்கிறது" என்று ஜேர்மன் மொழியான டொச்சில் சொன்னார் சிவகலா. "வளையமும் ஒரே அகலமில்லை. ஓரிடத்தில் தடித்துத் தொடங்கி, மெலிந்துபோய், துளித்துளியாக முடிகிறது. கையால் சுற்றி ஊற்றிய தண்ணீர் அது. ஊற்றியவர் சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு, காலுறையோடு பனியில் நின்றிருக்கிறார்."

"இந்தக் குளிரில் யார் அப்படி நிற்பார்கள்?" என்றார் எலேனா.

"கும்பிடுகிறவர். எங்களில் இந்துக்கள் புரட்டாசிச் சனிக்கிழமைகளில் விரதமிருந்து, தாங்கள் சாப்பிடுமுன் காகத்துக்கு ஒரு பிடி வைப்பார்கள். சுற்றித் தண்ணீர் தெளிப்பார்கள். காகத்தின் உருவில் இறந்தவர்கள் வருவதாக நம்பிக்கை. கொட்டுகிறவர் உயரமான கல்லைத் தேடமாட்டார். கிறிஸ்ரி கத்தோலிக்கர். அதோடு சனிக்கிழமை மதியம் அவரால் அடுப்பை விட்டு அசைய முடியாது."

கேபிள் காரில் நீட்டிய பிஸ்கட் அப்போதுதான் பேர்சியின் நினைவுக்கு வந்தது.

சமையலறை வாசலில் நின்ற கிறிஸ்ரி தமிழில் மெதுவாகச் சொன்னான்: "அக்கா, அதோடை விடுங்கோ."

"உனக்கு முதலே தெரியும்."

"ஒருநாள் யன்னலாலை கண்டனான். சொக்ஸோடை நிண்டு கும்பிட்டுக்கொண்டு நிண்டவ. அதைப்போய் எப்பிடிச் சொல்லுறது?" அவன் ஏப்ரனைக் கசக்கினான். "அவவையும் மாத்திப்போட்டா இந்த மலையிலை நான் ஆரோடை கதைக்கிறது? சனிக்கிழமை ஒருநாள்தான் எனக்கு ஆள் வாறது."

"அதுக்காக அன்னமலரை அங்கையே விட்டிருப்பியோ?"

அவன் கசங்கிய ஏப்ரனை நீவிவிட்டான்.

விரிப்புப் பையை இழுத்துக்கொண்டு பத்மினி கூடத்துக்குள் வந்தார். மேசையில் கிடந்த படத்தைக் கண்டு பையின் வாரைக் கைவிட்டார்.

"நான்தான் வைச்சனான். இதிலை என்ன பிழை?"

காரணத்தைச் சிவகலா விளக்கினார். சோறு கிடந்தால் காட்டுமிருகம் மணம் பிடித்து வரும், அது பறவைகளைக் கொல்லும், பழி கிறிஸ்ரியில் விழுந்திருக்கிறது என்றார். பத்மினி கிறிஸ்ரியைப் பார்த்தார்.

"நீர் ஏன் வாய் திறக்கேல்லை? என்னட்டையாவது சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீங்கள் வரமாட்டியள்" என்றான் அவன்.

பத்மினி கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். "அவர் போய் இது முதல் புரட்டாசி. கீழை வீட்டு யன்னல்லை வைச்சுப் பாத்தன். புறாக்குச் சாப்பாடு போடாதையுங்கோ எண்டு வீட்டுக்காரர் வந்து ஏசிப்போட்டார். இஞ்சை வந்தா கல்லுக்கு மேலை காகம் பறக்குது. மஞ்சள் சொண்டுதான். இந்த நாட்டுக் காகம் அப்பிடித்தானாக்கும் எண்டு நினைச்சன்."

சிவகலா ஒவ்வொரு வசனமாக டொச்சில் சொன்னார். எலேனா படத்தை மேசையில் கவிழ்த்து வைத்தார். பிறகு கிறிஸ்ரியிடம் கையை நீட்டினார். "உங்கள் வேலைக்கு ஒன்றுமில்லை. விசாக்காரர் கேட்டால் நானே பேசுகிறேன்." அவன் அந்தக் கையைப் பிடித்தான், சிறிது நேரம் விடவில்லை. பத்மினிக்கு எச்சரிக்கை மட்டும் என்றார் லூக்காஸ். ஆனால் இனி ஒரு பருக்கையும் கூடாது. சனிக்கிழமை வேலையில் மாற்றமில்லை என்றார் எலேனா.

எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டிய பத்மினி, கடைசியில் சிவகலாவின் முழங்கையைத் தொட்டார்.

"தங்கச்சி, இவரிட்டை ஒண்டு கேட்டுச் சொல்லுங்கோ. முந்தி வைச்சதுகளைக் காகம் எடுத்ததோ? வைச்ச உடனை கேபிளுக்கு ஓடிடுவன். வந்து தின்னுறதை ஒருநாளும் பாக்கேல்லை."

சிவகலா கேட்டார். லூக்காஸ் தன் மலைப்பேச்சில், பத்மினிக்குப் பிடிபடாத வேகத்தில், பதில் சொன்னார். பேர்சிக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. பனி விழுந்த நாட்களில் அந்த மஞ்சள் அலகுப் பறவைகள் இரைக்காகப் பள்ளத்தாக்குக்கு இறங்கிவிடும். கல்லருகே ஒரு பறவைத் தடமும் இல்லை. வைத்ததை எல்லாம் நரிதான் தின்றது.

பத்மினி சிவகலாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். சிவகலா அவரது கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு பருக்கையும் மிஞ்சேல்லையாம், அக்கா."

பேர்சி யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வெளியே சரிவு முழுவதும் வெள்ளை. எதுவும் பறக்கவில்லை.

"உயிரோடை இருக்கேக்கையும் மனுசன் அப்பிடித்தான்" என்றார் பத்மினி. "சாப்பாட்டுக் கோப்பையிலை ஒண்டும் மிச்சம் விடமாட்டார்."