பின்னங்கால் உதை

அந்த வீட்டு ஃப்ரிட்ஜ் கதவு தானாகச் சாத்திக்கொண்டதாகச் சரித்திரம் இல்லை. இரண்டு கையிலும் பாத்திரத்தோடு நிற்கிறவள் என்ன செய்வாள்? இடுப்பை வெட்டி, தோளைத் திருப்பி, பின்னங்காலால் ஒரு உதை விடுவாள். கதவு பயபக்தியோடு சாத்திக்கொள்ளும். கூடவே அடுத்த தெருக் கதவுகளும் சாத்திக்கொள்ளும் என்று பேச்சு.

அன்று காலை அவள் உதைக்கவில்லை.

"நாட்டிய விழா விளம்பரத்துல என் பேரு வரணும். இல்லேன்னா கடைசிப் பாட்டுக்கு நான் ஆட்டம் கட்டித் தரமாட்டேன்."

டான்ஸ் மாஸ்டர் என்று ஊரே கும்பிடும் கணவர் டம்ளரைக் கீழே வைத்தார். "புருஷன் பொண்டாட்டிக்குள்ள தனித்தனியா என்ன பேரு..."

"ஒரு வீட்டுக்கு ஒரு ஆட்டக்காரர் போதும்னு கல்யாணத்தன்னிக்குச் சொன்னீங்க. சலங்கையக் கழட்டினேன். ஆனா நீங்க ஊருக்குச் சொல்லிக்குடுக்கற ஆட்டமெல்லாம் இந்த அடுப்படியில யாரு கட்டினது?"

எல்லாம் மகள் பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில் கட்டியவை. இன்று குழுவின் முதல் ஆட்டக்காரியான அந்த மகளுக்கு இது எப்படித் தெரியும்? அம்மா பேர் கேட்டது மட்டும் காதில் விழ, உள்ளே வந்தாள்.

"அப்பாவ ஏம்மா படுத்தற? உனக்கு ஆட்டத்தப் பத்தி என்ன தெரியும்?"

அம்மாவின் கண் நிறைந்தது. "ஒண்ணும் தெரியாதுதான்டி..." என்று அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கூடத்தில் ஒத்திகை. மாஸ்டரின் புகழ்பெற்ற பின்னங்கால் உதைக்கு ஒரு பெண் அர்த்தம் கேட்டாள்.

"ஆன்மா உலகத்த உதறுதும்மா" என்றார். கேட்டவள் அழுதே விட்டாள். எல்லோரும் உதறினார்கள். மகள் உட்பட ஒருத்திக்கும் சரியாக வரவில்லை.

அடுப்படியில் அம்மா இரண்டு கையிலும் பாலோடு நின்றாள். ஃப்ரிட்ஜ் வாயைப் பிளந்து கிடந்தது. இடுப்பு வெட்டியது, தோள் திரும்பியது, கால் பறந்தது. டப்.

மகள் வாசற்படியில் நின்று பார்த்துவிட்டாள். "அம்மா... அது அப்பாவோட உதையாச்சே..."

"இல்லடி. ஃப்ரிட்ஜோடது."

கூடத்தில் அழுதுகொண்டிருந்த பெண் பாதியில் நிறுத்திக்கொண்டாள். மாஸ்டர் ஓடாத மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன்னப் போயி என்ன தெரியும்னு கேட்டுட்டேனேம்மா..." மகள் பாத்திரத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

"பாலு கொட்டுதுடி. அழுகைய அப்புறம் வெச்சுக்கலாம். என் பேருக்கு ஒரு வழி சொல்லு."

மகள் அப்பாவைப் பார்த்தாள். "அம்மா பேரு வராம நான் மேடை ஏற மாட்டேன்."

மாஸ்டர் அடுப்படிக்குள் வந்து மனைவியின் முன் நின்றார். "மேல உன் பேரு. கீழ என் பேரு... இனிமே இந்தக் கதவையும் நானே சாத்தறேன், நீ ஆடு."

ஒரு வேகத்தில் கதவைத் திறந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு உதைத்தார். கதவு அசையவில்லை.

"இடுப்பு எங்க போச்சு?" என்றாள் அவள், பாலை இறக்கிவைத்துப் பழைய சலங்கையை எடுத்துக் கட்டிக்கொண்டே. "மறுபடி."