கன்னத்தில் கட்டங்கள்

காலை பத்தே கால். அறுவை மேசையில் பஸ் டிரைவரை இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்திருந்தார்கள். கட்டி வளர்ந்திருந்த வலது நுரையீரல் சுருங்கிக் கிடக்க, இடது நுரையீரலுக்கு மட்டும் குழாய் வழியே காற்று போனது. கத்தி வைத்த சற்று நேரத்தில் ரத்தத்தின் ஆக்சிஜன் சரசரவென்று இறங்கியது. அறுவையை நிறுத்தினார்கள். மல்லாக்கப் போட்டு, இரண்டு பக்கமும் காற்று கொடுத்ததும் அளவு ஏறிவிட்டது. கட்டி மட்டும் உள்ளேயே இருந்தது.

"மயக்க டாக்டர் கவனிக்கல," என்றார் சர்ஜன். "காரணம் தெரியாம மறுபடி கத்தி எடுக்க மாட்டேன்."

மறுநாள் விசாரிக்க வெளியிலிருந்து ஒரு மூத்த மயக்கவியல் நிபுணர் வந்தார். சக டாக்டர்கள் அவருக்கு வைத்த பெயர் பூதக்கண்ணாடி.

முதலில் நோயாளியைப் பார்த்தார்.

"நேத்து நாங்க உசுரக் கையில புடிச்சிட்டு நிக்கிறோம் மேடம்," என்றாள் மகள். "இவரு இடது கன்னத்துல கட்டம் கட்டமா பதிஞ்சு, சுகமா தூங்கி எழுந்த மாதிரி வர்றாரு!"

"கிண்டல் இருக்கட்டும்மா," என்றார் டிரைவர். "அந்தக் கட்டிய எப்ப எடுப்பீங்க?"

அடுத்து அறுவை அறை. தலைக்கு வைக்கும் ஜெல் வளையத்தைத் தடவினார். வழவழவென்றிருந்தது.

"தலைக்கு இது மட்டும்தானா?"

"இது மட்டும்தான் மேடம்," என்றார் நர்ஸ்.

ஓய்வறையில் மயக்க டாக்டர் காத்திருந்தாள். இரவெல்லாம் தூங்காத முகம். பூதக்கண்ணாடி உட்கார்ந்த நாற்காலியின் முதுகு உடைந்திருந்தது.

"சாய்ச்சதும் குழாய் இடத்துல இருக்கான்னு பாத்தீங்களா?"

"கேமரா விட்டுப் பாத்தேன். சரியா இருந்துச்சு."

"அளவு இறங்குனப்ப?"

"அதுக்கு எங்க நேரம்? மல்லாக்கப் போட்டப்புறம் பாத்தேன். அப்பவும் சரிதான்."

"குழாய்ல காத்தழுத்தம்?"

"ஆக்சிஜன் இறங்கறதுக்கு முன்னாடியே ஏறியிருந்துச்சு."

"நடுவுல எதையாவது தொட்டீங்களா?"

"சத்தியமா இல்ல மேடம்."

சொல்லிக்கொண்டே அலமாரியிலிருந்து தேன்கூடு போல நெய்த துண்டொன்றை எடுத்து, மடித்து, வந்தவரின் முதுகுக்குப் பின்னால் செருகினாள். கண்கள் ஜன்னலில் இருந்தன. கை தன்பாட்டுக்கு வேலை செய்தது.

பூதக்கண்ணாடி சர்ஜனை அழைத்தார். துண்டை உருவி மேசையில் வைத்தார்.

"குற்றவாளி இது மாதிரி ஒரு துண்டு. வெச்சது இவங்க."

"நானா?"

"இப்ப என் முதுகுக்கு வெச்சது தெரியுமா?"

அவள் துண்டைப் பார்த்தாள். முகம் வெளிறியது. "அவரோட காது... வளையத்துல மடிஞ்சு செவந்திருந்துச்சு. அதுக்குத்தான் வெச்சிருக்கேன்."

"கேமராவுல பாத்தப்புறம் வெச்ச துண்டு தலையைத் தள்ளுச்சு. தாடை நெஞ்சுக்கு வந்துச்சு. கழுத்து மடங்குனா குழாய் உள்ள இறங்கும். இடது நுரையீரலோட மேல்பாதி அடைஞ்சு போச்சு. மிச்சப் பாதியிலதான் அவர் மூச்சு ஓடுச்சு. மல்லாக்கப் போட்டப்ப துண்டு விழுந்தது, கழுத்து நிமிர்ந்தது, குழாயும் பழைய இடத்துக்கு வந்துடுச்சு. சாட்சி கன்னம் மட்டும்தான். வழவழ வளையம் கட்டம் போடாது."

"அப்ப தப்பு இவங்களோடதுதானே?" என்றார் சர்ஜன்.

"ஆமா. ஆனா கவனிக்காம வந்த தப்பு இல்ல."

அவளுக்கு அது ஆறுதலாக இல்லை. அன்பு என்று அவள் எண்ணிப் பார்த்துக்கூடச் செய்யாத ஒன்று, ஒரு மனிதரின் மூச்சை அடைத்திருக்கிறது.

அடுத்த வாரம் டிரைவரை மறுபடி அறுவைக்குச் சாய்த்துப் படுக்க வைத்ததும், அவளே முதலில் துண்டை வைத்தாள். காதை நீவிவிட்டாள். அதன் பிறகு கேமராவை உள்ளே விட்டாள்.

"பாத்தாச்சா?" என்று சர்ஜன் கேட்டார். முன்பு அவர் கேட்டதே இல்லை.

"பாத்தாச்சு."

மதியம் டிரைவர் வெளியே வந்தார். கட்டி இல்லை. கன்னத்தில் அதே கட்டங்கள். மகள் அவற்றை விரலால் ஒவ்வொன்றாகத் தடவினாள்.