கணவாய்க் கதவும் ஒரு நாசிலும்

தினமும் காலையில் காரைக் கிளப்பியதும் அதன் மூளைப்பெட்டி முந்தைய நாளின் மூச்சுக் கணக்கை வேகக் காவலகத்துக்கு அனுப்பிவிடும்; அளவு மீறினாலோ அந்த நொடியே சொல்லிவிடும். இன்ஜின் எவ்வளவு காற்றை உள்ளே இழுத்தது என்று காற்றுமானி அளந்து சொல்வதுதான் அந்தக் கணக்கு. காற்றை அளந்தால் வேகம் தெரியும், வேகம் தெரிந்தால் ஆளைக் கட்டிப்போடலாம். இதைக் கண்டுபிடித்த மகானுக்கு இந்நேரம் எங்காவது சிலை வைத்திருப்பார்கள். கோயம்புத்தூர்க்காரர்களுக்கு மணிக்கு நாற்பது கிலோமீட்டர்தான். அதற்கு மேல் எங்களுக்கு என்ன அவசரம் என்று கேட்கிறார்கள்.

ஊரை விட்டு வெளியேற பாலக்காட்டுக் கணவாயில் ஒரே ஒரு கதவு. நோயாளியை ஏற்றிய ஆம்புலன்சுக்கு மட்டும் அது திறக்கும், அதுவும் ஒரு நோயாளிக்கு ஒரே முறை. துணைக்கு ஆள் போகக் கூடாது. போனவர்கள் யாரும் திரும்பியதாக நான் கேள்விப்பட்டதில்லை. என் வீட்டுக்காரர் பழனியப்பனுக்கு நுரையீரல் கெட்டுவிட்டது. வைத்தியம் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. அன்று மதியம் அவரை ஏற்றிப் போவதாகச் சொல்லியிருந்தார்கள்.

அவர் தனியாகப் போவதை என்னால் தாங்க முடியவில்லை. ஆம்புலன்ஸை ஒட்டியபடியே நானும் கதவைத் தாண்டிவிடுவது என்று முடிவு செய்தேன். பல் டாக்டர் ஒருவர் விட்டுப்போன, வலி மறக்கடிக்கும் நைட்ரஸ் வாயு சிலிண்டர் என் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. அதைக் காரின் டிக்கியில் படுக்கவைத்தேன். நைட்ரஸ் இன்ஜினுக்குக் கூடுதல் ஆக்சிஜன் கொடுக்கும், வண்டி நாற்பதைத் தாண்டிப் பாயும். ஆனால் நான் செய்யப்போகும் உலர்முறையில் நாசில் என்கிற பீய்ச்சுமுனை வாயுவை மட்டும்தான் பீய்ச்சும். அதற்கு ஈடான பெட்ரோலை மூளைப்பெட்டிதான் சேர்க்க வேண்டும்.

"நாசில காத்துமானிக்கு முன்னாடி வெச்சா என்னங்க்கா?" என்று கேட்டான் என்னோடு வேலை செய்யும் தேவசகாயம்.

"பெட்டிக்குத் தெரிஞ்சுரும். பெட்ரோல ஊத்தி இன்ஜினக் காப்பாத்தும். கையோட காவலகத்துக்கும் போட்டுக் குடுத்துரும். கதவச் சாத்திருவாங்க."

"பின்னாடி வெச்சா?"

"பெட்டிக்குத் தெரியாது. பெட்ரோல் பத்தாம பிஸ்டன் உருகிரும். உருகறதுக்குள்ள தாண்டிருவன்."

"தாண்டி?"

"அவரு பக்கத்துல இருப்பன்."

அவன் ஸ்பேனரை எடுத்து நீட்டினான்.

காற்றுமானிக்குப் பின்னால் இருந்த ரப்பர் குழாயைக் கழற்றிவிட்டு அலுமினியக் குழாய் மாட்டினேன். துளை போட்டு, நாசிலின் வாய் காற்று போகும் திசையைப் பார்க்கும்படி திருகினேன்.

"சாகப்போற இன்ஜினுக்கு எதுக்குங்க்கா இத்தனை சீரு?"

"ரப்பர்ல நாசில் ஆடும். ஆடுச்சுன்னா இன்ஜின்ல ஒரே சிலிண்டருக்கு அடிச்சு, வண்டி பாதி வழியில படுத்துக்கும்."

அது உண்மைதான். அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது என்பதும் உண்மை.

கணவாய்க்கு முன்னால் ஒரு புளியமரத்தடியில் இன்ஜினை அணைக்காமல் காத்திருந்தேன். செய்த வேலையைச் சோதித்துப் பார்க்காவிட்டால் எனக்குக் கை அரிக்கும். வால்வை இரண்டு மூன்று முறை லேசாகத் திறந்து மூடினேன். குழாயின் மேல் வெள்ளையாக உறைபனி படர்ந்தது. வேலை சுத்தம் என்று சந்தோஷப்பட்டேன்.

ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு கடந்தது. பின்னாலேயே போய் நைட்ரஸ் பொத்தானை அழுத்தினேன். கார் பாய்ந்தது. தூரத்தில் கதவு திறப்பது தெரிந்தது. பெட்ரோல் பத்தாத இன்ஜின் எப்போது டக் டக்கென்று தட்டத் தொடங்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். தட்டவில்லை. வழுக்கிக்கொண்டு ஓடியது.

இன்ஜின் நன்றாக ஓடினால் பெட்ரோல் கிடைக்கிறது என்று அர்த்தம். பெட்ரோல் கிடைத்தால் பெட்டிக்குத் தெரிந்துவிட்டது என்று அர்த்தம். குளிர் அலுமினியத்தின் வழியே பின்னோக்கி ஊர்ந்து காற்றுமானியைத் தொட்டிருக்கிறது. குளிர்ந்த காற்று என்றால் அடர்ந்த காற்று என்று அது கணக்குப் போட்டுவிட்டது. பழைய ரப்பரையே விட்டிருந்தால் குளிர் தாண்டியிருக்காது.

பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டேன். அதற்குள் கதவு மூடிக்கொண்டது. ஆம்புலன்ஸ் இந்தப் பக்கமே கிறீச்சிட்டு நின்றது.

டிரைவர் இறங்கி, "ஒருத்தருக்கு ஒருக்காத்தானே தொறக்கும்!" என்று கணவாய்க் கதவை ஓங்கி ஓங்கிக் குத்தினார். நான் ஓடிப்போய் ஆம்புலன்ஸின் பின்பக்கத்தைத் திறந்தேன். பழனியப்பன் என்னைப் பார்த்ததும் மாஸ்க்கை இறக்கினார். முகமெல்லாம் சிரிப்பு.

"வந்துட்டயா ரங்கா? தனியாப் போகோணுமேன்னு பயந்துட்டே இருந்தேன்." மூச்சு வாங்கியது. "கதவு கெட்டுப்போச்சாட்ட இருக்குது. நல்லதாப் போச்சு, போ."

என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆமாங்க" என்றேன்.