ஐந்தருவியும் அரை பாட்டில் இருமல் மருந்தும்

குற்றாலிங்கத்தின் கழுத்து 'மளுக்'கென்றது.

அவ்வளவுதான். ஆள் துவண்டு போனார்!

மாரிராஜின் எண்ணெய்க் கைகள் அந்தரத்தில் நின்றன. ஐந்தருவிக் கரையில் பன்னிரண்டு வருஷமாக மசாஜ் செய்கிறவன். தினம் நாற்பது கழுத்துக்கு நெட்டி முறிக்கிறவன். எவரும் இப்படிச் செத்துக் கொடுத்ததில்லை.

"அண்ணாச்சி... ஏ அண்ணாச்சி..."

கிள்ளினான். உலுக்கினான். ம்ஹூம்...

சீசன் கூட்டம் சும்மா இருக்குமா? ஈரத் துண்டோடு சுற்றி நின்று, பார்க்காத கொலையைப் பார்த்தது போலச் சொன்னார்கள். ஆயுள் தண்டனை நிச்சயம் என்றார் ஒரு வழுக்கை. மாரிராஜுக்கு அழுகை முட்டியது.

எஸ்.ஐ. ஆவுடைத்தாய் வந்தார். மூக்கருகே விரல் வைத்தார்.

"மூச்சு வருதுலே. குறட்டையும் வருது. அருவி இரைச்சல்ல உனக்குக் கேக்கல."

மாரிராஜுக்குப் போன உயிர் பாதி திரும்பியது.

ஆம்புலன்ஸ்காரர் நாடி பார்த்தார். உயிருக்கு மோசமில்லை, ஆனால் இது மசாஜ் தூக்கமும் இல்லை என்றார்.

பெண்கள் பக்கமிருந்து குற்றாலிங்கத்தின் மனைவி உமா மகேஸ்வரி தலை சொட்டச் சொட்ட வந்தாள். அழவில்லை. மணி கேட்டாள். பதினொன்றரை என்றதும் முகத்தில் அப்படியொரு நிம்மதி...

எஸ்.ஐ.யின் புருவம் ஏறியது. அவள் பையைத் திறக்கச் சொன்னார். ஒரு பிளாஸ்க். ஒரு பழுப்பு பாட்டில், பாதி காலி.

அந்தக் கால இருமல் மருந்து. இருமலோடு ஆளும் அடங்கிவிடுகிறான் என்றே விற்பனையை நிறுத்திவிட்டார்கள்.

"எங்கப்பா கம்பவுண்டர். பீரோவுல கெடந்துச்சு. சுக்குக்காப்பில ஊத்துனேன்" என்றாள் உமா.

"எதுக்கு?"

"இலஞ்சி தென்னந்தோப்ப அவுக தம்பி பேருக்கு எழுதப் போறாக. இன்னிக்குப் பதினொரு மணிக்குத் தென்காசியில பத்திரப்பதிவு. தூங்கிட்டா எப்படிக் கையெழுத்துப் போடுவாக?"

"செத்திருந்தா?"

"பாதி பாட்டில்தானே ஊத்துனேன்..." என்றாள் உமா.

மாரிராஜ் ஒரு வாளி அருவித் தண்ணீரை அவர் முகத்தில் அடித்தான். குற்றாலிங்கம் ஒற்றைக் கண்ணைத் திறந்தார். பத்திரப்பதிவு என்றது மட்டும் காதில் விழுந்தது போலும்.

"பதிவா... அத நேத்தே முடிச்சாச்சே. ஒங்கிட்ட சொன்னா சண்டை போடுவியேன்னுதான் இன்னிக்குன்னு சொன்னேன்..."

உமாவின் முகம் மாறியது. பல்லைக் கடித்தபடி ஓரடி முன்னால் வந்தாள்.

அதைக் கவனிக்காத குற்றாலிங்கம், கழுத்தைத் தடவியபடி மாரிராஜிடம் திரும்பினார்.

"ஏலே, இந்தப் பக்கம் நெட்டி முறிக்கலையே?"

மாரிராஜ் எண்ணெய்க் கிண்ணத்தை மூடினான்.

"அத வீட்டம்மா பாத்துக்கிடுவாக, அண்ணாச்சி!"