தொழுவத்தில் ஒரு பெரிய மனிதர்

படத்துப் பெரியவரின் முழங்கால், அவள் துடைத்துவிட்டுப் போய்ச் சாப்பிட்டு வந்து பார்த்தபோது குழந்தையை நோக்கி ஒரு விரல் அகலம் நகர்ந்திருந்தது. கண்ணை டாக்டரிடம் காட்டவேண்டும் என்று முணுமுணுத்துக்கொண்டே, ஓவியம் செப்பனிடுபவள் மறுபடி சாரத்தில் ஏறினாள்.

மாதா கோயில் பீடத்துக்குப் பின்னால் சுவரளவு படம். மாட்டுத்தொழுவம், மாதா, மடியில் பிள்ளை. பக்கத்தில் பட்டும் மோதிரமுமாக, கோயிலைக் கட்டிக்கொடுத்த பெரியவர். அவரை வரைந்த வண்ணத்துக்கு அடியில், கோல் பிடித்த ஆடு மேய்க்கும் பெண்ணொருத்தியின் விரல்கள் தெரிந்தன. அவளை மறைத்துத்தான் இவரை வரைந்திருந்தார்கள். அழையா விருந்தாளிக்கு முதல் பந்தி!

பங்குத்தந்தை காலையிலேயே சொல்லிவிட்டார். "அந்த ஆள் மேல மட்டும் கை வைக்காதம்மா. அவங்க குடும்பத்து தயவுலதான் கூரை நிக்குது."

"பிள்ளை பிறந்தப்போ இவர் அங்க இல்லையே ஃபாதர்" என்றாள். அவர் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

மகன் காய்ச்சலில் கிடந்தபோது அவள் விழுந்து கும்பிட்டது இந்தப் பிள்ளையைத்தான். அந்தப் பிள்ளையின் பக்கத்தை இவருக்கு விட்டுக்கொடுக்க அவளுக்கு மனமில்லை. பஞ்சை வண்ணம் நீக்கும் கரைசலில் தோய்த்தாள்.

வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. கரைசலின் நெடிக்கும் அணைந்த மெழுகுவத்தியின் வாடைக்கும் நடுவே எங்கிருந்தோ ஓர் ஆணின் வியர்வையும் வாசனைத் தைலமும் கலந்து வர, காதுக்கு மிக அருகில் பட்டு உரசுவதுபோல ஒரு சத்தம் கேட்டு நின்றது. அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. தோளை ஏதோ அழுத்தியது. முழங்கால்கள் தாமாகவே மடங்கின.

அவள் சாரத்தின் கம்பியைப் பிடித்து நிமிர்ந்தாள்.

"உனக்கு மண்டி போட மாட்டேன்."

துடைத்தாள். மோதிரம் போனது. மீசை போனது. கண்கள் கடைசிவரை அவளை முறைத்துவிட்டுப் போயின. அடியிலிருந்து அந்தப் பெண்ணின் முகம் வந்தது. பயந்த முகம். அவள் மாதாவின் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இவளும் பார்த்தாள்.

வெள்ளைத் துணி. கையளவு உடம்பு. அதன் மேல் நரைத்த மீசை. முறைக்கும் கண்கள்.

பிள்ளை இல்லை. இனி அவரைத் துடைப்பதென்றால் பிள்ளை இருந்த இடத்தைத்தான் துடைக்கவேண்டும். என்றாலும் புதுப் பஞ்சை எடுத்தாள்.

மாதாவின் கைகள் அசைந்தன. ஈர வண்ணம் சொட்டச் சொட்டச் சட்டத்துக்கு வெளியே வந்து, மடியிலிருந்ததை அவளிடம் நீட்டின.

பஞ்சு நெருங்கியது. துணிக்குள்ளிருந்த கிழவர் வாயைத் திறந்து அழத் தொடங்கினார், பச்சைக் குழந்தையின் குரலில்.