நான்கு மாத்திரைகளைக் காணோம்

சித்திக்காவுக்கு வீட்டில் எல்லார் மேலும் சந்தேகம் வந்துவிட்டது.

வாப்பாவுக்கு உண்ணிக் காய்ச்சல். போலகம் கிராமத்தில் புதர் வெட்டப் போன இடத்தில், கண்ணுக்கே தெரியாத குட்டி உண்ணி ஒன்று கடித்துவிட்டது. டாக்டர் அமுதம் டாக்சிசைக்ளின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். காலையில் ஒன்று, இரவில் ஒன்று, ஏழு நாளைக்கு.

"கிருமி பெருகணும்னா அதுக்குப் புரதம் வேணும். இந்த மருந்து அதைச் செய்யவிடாது. பெருக முடியாத கிருமிய உடம்பே பாத்துக்கும். முகப்பருவுக்குக்கூட இதைக் கொடுப்போம். ஆனா பாதியில நிறுத்தக் கூடாது, காய்ச்சல் திரும்பிடும்" என்று டாக்டர் சொன்னபோது சித்திக்காவும் பக்கத்தில் இருந்தாள்.

இன்று நான்காம் நாள் காலை. பதினான்கில் ஆறு போக, எட்டு இருக்க வேண்டும். டப்பாவில் நான்குதான் இருந்தன. மாத்திரை அட்டையை யாரோ கத்தரிக்கோலால் நேராக வெட்டியிருந்தார்கள்.

முகப்பரு என்றதும் அக்கா இஃபாத்தின் நினைவுதான் வந்தது. சித்திக்கா அவள் முகத்தருகே போய் நின்றாள்.

"லாத்தா, பரு கொறஞ்சிருக்கா?"

"எங்கடி கொறஞ்சுது? நேத்து புதுசா ரெண்டு வந்திருக்கு. ஏன் போலீஸ் மாதிரி பாக்குற?"

மருந்து தின்றவள் பேச்சாக இது தெரியவில்லை.

அடுத்து மன்சூர் மாமா, உம்மாவின் தம்பி. மத்தியானம் அவர் துபாய்க்குப் புறப்படுகிறார். துபாய் போகிறவர் பெட்டியில் ஊறுகாய்க்கு அடுத்து மருந்துப் பொட்டலம்தான் இருக்கும். திறந்து கிடந்த பெட்டிக்குப் பக்கத்தில் கத்தரிக்கோலும் கிடந்தது.

பெட்டியில் இருந்த மருந்துப் பொட்டலத்தைப் பிரித்தாள். நான்கு மாத்திரைகளும் உள்ளே இருந்தன.

"மாமா, இதை எதுக்கு எடுத்தீங்க?"

மாமா திருதிருவென்று விழித்தார். "சத்தியமா எனக்குத் தெரியாதும்மா."

அவள் நம்பவில்லை. கட்டிலிலிருந்து வாப்பா இருமினார்.

"அவன்மேல தப்பில்ல. நான்தான் வச்சேன். எனக்குத்தான் ஜுரம் விட்டுடுச்சே. போன வருஷம் அவன் அங்க ஜுரத்தோட தனியா கெடந்தான். அதான்."

சித்திக்காவுக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது.

"மாமாவுக்கு என்ன ஜுரம் வரும்னு இப்பவே தெரியுமா வாப்பா? எல்லா ஜுரத்துக்கும் இதே மருந்தா? உங்களுக்குத் திரும்ப வந்தா நாங்க என்ன பண்றது?"

மாமா மாத்திரைகளை எடுத்து வந்து டப்பாவில் போட்டார்.

"நான் அங்க டாக்டர்கிட்டயே காட்டிக்கிறேன் மச்சான். நீங்க இதை ஒழுங்கா முடிங்க."

"மன்னிச்சுக்கங்க மாமா. மொதல்ல லாத்தாவ, அப்புறம் உங்களத் திருடன்னு நெனச்சுட்டேன்" என்றாள் சித்திக்கா.

"எனக்கு முன்னாடி உங்க லாத்தாவ நெனச்சியா? அப்ப சரி."

பசியாறியதும் சித்திக்கா ஒரு செம்பு நிறையத் தண்ணீர் கொண்டு வந்தாள். வாப்பா மாத்திரையைப் போட்டுத் தண்ணீரைக் குடித்தார்.

"வாயத் தொறங்க வாப்பா."

"முழுங்கிட்டேன்மா."

"நாக்கத் தூக்குங்க."

வாப்பா நாக்கைத் தூக்கிக் காட்டினார். அடியிலும் ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகுதான் சித்திக்கா மாமாவுக்குப் பெட்டி கட்ட உதவப் போனாள்.